யாரைக் கேட்டு வரைந்தார்கள்?

சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக 2005 மார்ச் 30ஆம் தேதி தமிழக அரசின் வருவாய்த் துறை வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை வந்ததிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் முதல் மணக்குடி வரை கடற்கரையில் வேறு பேச்சில்லை. 300 முதல் 325 சதுர அடியில், கான்கிரீட் கூரையுடன், ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் ஒரு வீடு. கட்டுவது அரசு அல்லது தொண்டு நிறுவனம். கட்டி முடித்துச் சாவியை நீட்டும்போது வாங்கிக்கொள்வது மட்டுமே மீனவக் குடும்பத்தின் வேலை. இந்த ஏற்பாட்டை ஏற்க முடியாது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமியில் இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 800 உயிர்கள் போயின. பிழைத்தவர்களுக்கு வீடு வேண்டும், அதுவும் விரைவில் வேண்டும். புயலையும் நிலநடுக்கத்தையும் தாங்கும் உறுதியும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டாவும், பத்தாண்டுக் காப்பீடும் நல்ல முடிவுகள்தாம். எங்கள் சண்டை அவற்றோடு அல்ல. அந்த வீட்டில் வாழப்போகிறவரின் வாயை அடைத்துவிட்டு வீட்டை வரைகிறீர்களே, அதோடுதான்.

325 சதுர அடி என்றால் பதினெட்டுக்குப் பதினெட்டு அடி. அதற்குள் இரண்டு அறை, அடுக்களை, கழிவறை. மீன் கழுவும் இடமும் குடிதண்ணீர்க் குடமும் கழிவறைச் சுவரை ஒட்டியே இருக்கும். வலையை எங்கே வைப்பது? கடலிலிருந்து தூக்கிவரும் என்ஜினையும் மண்ணெண்ணெய்க் கேனையும் பிள்ளைகள் படுக்கும் அறையிலா வைப்பது? கருவாடு காயப்போட முற்றம் எங்கே? நம் கடற்புறத்து வீடு ஒரே நாளில் கட்டி முடிவதில்லை. சீசன் நன்றாக இருந்த வருஷம் ஒரு அறை கூடும், மகனுக்குக் கல்யாணமானால் பின்புறம் ஒரு சாய்ப்பு இறங்கும். அடுக்களையைப் புகைக்காகவும் மீன்வாடைக்காகவும் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். ஊரகத்தில் மூன்று சென்ட், நகர்ப்புறத்தில் ஒன்றரை சென்ட் என்று அளந்து, நான்கு பக்கமும் அடைத்து நிற்கும் வீட்டில் இதற்கெல்லாம் வழி கிடையாது. பத்து வருஷம் கழித்து இரண்டு குடும்பமாகிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

கூரையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் இது. ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சாதாரண ஓட்டு வீடு வரை இங்கே கூரை சரிந்து இறங்குவதற்கு அதுதான் காரணம். அதோடு உப்புக்காற்று. கம்பிக்கு மேல் போதிய கனத்தில் கான்கிரீட் மூடாவிட்டால் உப்பு உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடித்து வீங்கும், தளத்தின் அடிப்பாகம் பெயர்ந்து தலையில் விழும். கடற்கரையில் வேலை பார்த்த எந்தக் கொத்தனாரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார். கேட்கத்தான் யாரும் வரவில்லை.

கேட்டு வரையத் தெரிந்தவர்கள் தொலைதூரத்தில் இல்லை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அப்படிப்பட்டவர். எழுபதுகளின் நடுவில் பூந்துறையில் மீனவர்களுக்கு அவர் வடிவமைத்த வீடுகள் வரிசைகட்டி நிற்காமல் முன்னும் பின்னுமாக விலகி நிற்கும். ஒரு வீடு இன்னொன்றின் கடற்காற்றை மறைக்கக் கூடாது, வலை காயப்போட இடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டி, செங்கலில் கால் பங்கை மிச்சப்படுத்துவார். தளத்துக்குள் பழைய ஓட்டைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைப்பார். ஒன்றரை லட்சத்தில் இன்னும் பெரிய வீடு கட்டலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவரிடம் பயின்றவர்கள் எத்தனையோ பேர். நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்.

2001 பூகம்பத்தில் இடிந்த குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் வீட்டுக்காரர் கையிலேயே தவணை தவணையாகப் பணம் கொடுத்தார்கள். பொறியாளர் வந்து உறுதியைப் பார்த்தபிறகு அடுத்த தவணை. அங்கே நம்பிக் கொடுத்த பணத்தை இங்கே ஏன் கொடுக்கக் கூடாது? 2005 ஜனவரியில் போட்ட அரசாணை, குறைந்தது 75 லட்சம் ரூபாய் கொண்டுவரும் அமைப்புக்கே ஊரைக் கட்டும் பொறுப்பு என்றது. பணம் கொண்டுவருகிறவருக்கு மேஜையில் நாற்காலி போட்டீர்கள். எல்லாம் இழந்தவரை வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

இது அதிகாரிகளுக்குப் புதிதல்ல. இதே மேஜைகளிலிருந்து வந்த இலவச வீட்டுக் காலனிகள் கடற்கரையெங்கும் துருக்கம்பி தெரிய நிற்கின்றன. கடலரிப்புக்குத் தீர்வு என்று வருஷா வருஷம் பாறாங்கல்லைக் கொட்டி, கட்டுமரமும் வள்ளமும் ஏற்றி வைக்கும் மணலையே இல்லாமல் ஆக்கினார்கள். கடற்கரையோரத்து ஏ.வி.எம். கால்வாயைத் தூர்ந்து சகதியாகக் கிடக்க விட்டார்கள். டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டில் கடலுக்குத் தப்பி ஓடியவர்களை மறித்தது அந்தக் கால்வாய்தான். முன்னால் சகதி, பின்னால் அலை. அந்தச் சாவுகளுக்கு இதுவரை எந்த அதிகாரியும் பதில் சொல்லவில்லை. கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள் இப்போது அடுக்களை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள்.

இதே 172ஆம் எண் அரசாணைப்படி, அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இடிந்தவர் அங்கேயே இருப்பேன் என்றால் உதவி இல்லை, புது வீட்டுக்குப் போனால் பழைய மனை அரசுக்கு. வள்ளத்தைக் கண்பார்வையில் வைத்துப் பிழைப்பவரிடம் பேரம் பேசும் நேரமா இது? தென்னந்தோப்பும் வீடுமாக நெருக்கியடித்துக் கிடக்கும் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் மாற்று மனைக்கு நிலம் எங்கே என்பதும் தெரியவில்லை.

அரசாணையைத் திருத்துங்கள். கட்டடக் கலைஞர்களை ஊருக்குள் அனுப்பி, குடும்பத்தோடு உட்கார்ந்து வரையச் செய்யுங்கள். அளவு, கூரை, அடுக்களை, எதிர்காலத்துச் சாய்ப்பு எல்லாவற்றிலும் குடியிருக்கப் போகிறவர் சொல் எடுபட வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். அதைக் காரணம் காட்டி இந்தச் சதுரப் பெட்டிகளுக்கே அவசரமாக அடிக்கல் நாட்டப் பார்ப்பார்கள். கடற்புறத்து மக்கள் அதற்கு இடம்கொடுக்கக் கூடாது.