கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே ஒரு தனி வழி

கோவையில் ஆபீசும் திருப்பூரில் பனியன் கம்பெனியுமாகத் தொழில் நடத்துகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். கணக்கு முழுக்கத் திருப்பூர் கணினியில். பில் போடுகிறவரும் ஆடிட்டரும் கோவையில். நடுவே ஐம்பது கிலோமீட்டர். அங்குள்ள கணக்கை இங்கிருந்து பார்க்க என்ன வழி என்று கேட்டால், ரிப்பேருக்கு வருகிற பையன், "ரௌட்டர்ல ஒரு போர்ட்டைத் திறந்து விட்டாப் போதுமுங்க" என்கிறான். அது கூடவே கூடாது என்பதுதான் என் கட்சி.

ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பேத்தி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. இது அத்தனையும் தபால் பிரிவு வேலை! முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த வேலை.

எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் அ1, அ2, ஆ1 என்று இருக்கைகள் உண்டு. வெறுமனே 'அ1' என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டால் எங்கே போய்ச் சேரும்? அலுவலகத்துக்கு வெளியே அந்தப் பெயருக்கு அர்த்தமில்லை. நம் வீட்டு, ஆபீஸ் கணினிகளுக்கு இருக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி அந்த மாதிரிதான். உள்ளுக்குள் மட்டும் செல்லும். வெளியே தெரிவது ரௌட்டரின் ஒரே முகவரி. உள்ளிருந்து ஒரு கடிதம் போனால் ரௌட்டர் ந.க. எண் போட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் அந்த எண்ணைப் பார்வையில் காட்டி வந்தால் சரியான இருக்கைக்குப் போகும். எண் இல்லாமல் வெளியிலிருந்து புதிதாக ஒரு கடிதம் வந்தால், நானாக இருந்தால் விஷயத்தைப் படித்துப் பிரித்துவிடுவேன். ரௌட்டருக்குப் படிக்கத் தெரியாது. தூக்கிப் போட்டுவிடும். இந்த ஏற்பாட்டுக்கு நேட் என்று பெயர்.

இது ஏன் வந்தது? பழைய ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். தட்டுப்பாடு வரும் என்று தெரிந்ததும் 1994-ல் தற்காலிக ஏற்பாடாக நேட் வந்தது. நம் நாட்டில் தற்காலிகப் பணியிடங்கள் நிரந்தரம் ஆவது போல இதுவும் ஆகிவிட்டது. 2011-ல் ஆசிய பசிபிக் பகுதிக்கான முகவரி இருப்பு கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீடு ரேஷன் போல ஆனது. அதன் பிறகு இணைப்பு தரும் கம்பெனிகளும் தங்கள் பங்குக்கு ஒரு நேட் வைத்தன. இதற்கென்றே 2012-ல் 100.64 என்று தொடங்கும் முகவரிகளை ஒதுக்கினார்கள். ஆக, உங்கள் ஆபீஸ் தபால் பிரிவுக்கு மேலே ஊருக்கே ஒரு தபால் பிரிவு. உங்கள் ரௌட்டரில் எத்தனை கதவைத் திறந்தாலும் மேலேயுள்ள கதவு உங்கள் கையில் இல்லை.

இது தெரியாமல் பையன் இரண்டு நாள் போராடுவான். பிறகு, மாதம் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டி நிலையான முகவரி வாங்குங்கள் என்பான். வாங்கினதும் 3389 என்கிற போர்ட்டைத் திறந்து திருப்பூர் கணினியின் திரையை நேராக இணையத்தில் விட்டுவிடுவான். வேலையும் நடக்கும். ஆனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம். தட்டுவதற்கு ஆள்கூட வேண்டாம், இயந்திரங்களே ராப்பகலாக முகவரி முகவரியாகப் போய்த் தட்டிக்கொண்டிருக்கின்றன. 2019-ல் இந்த ரிமோட் டெஸ்க்டாப் வசதியிலேயே, கடவுச்சொல் இல்லாமல் நுழையக்கூடிய ஒரு ஓட்டை வெளிப்பட்டு, மைக்ரோசாஃப்ட் தான் கைவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அவசரமாகத் திருத்தம் தர வேண்டி வந்தது. திருப்பூரில் வாரச் சம்பளம். ஒரு சனிக்கிழமை கணக்கு முழுவதையும் எவனோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், தையல்காரருக்கும் செக்கிங் பெண்களுக்கும் என்ன பதில் சொல்வது?

அரசாங்கம் இதைத் தன் அளவில் தீர்த்துக்கொண்டது. 2005-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த மாநில அகலப்பரப்பு வலையமைப்புத் திட்டத்தில், தலைமையிடம் முதல் வட்டார அலுவலகம் வரை குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் தனிப் பாதை போட்டார்கள். தமிழ்நாட்டில் அது எல்காட் பொறுப்பு. பத்துத் தையல் மெஷின் வைத்திருப்பவர் அப்படித் தனிப் பாதை போட முடியுமா? அவருக்கு உள்ள வழி வி.பி.என். பொதுச் சாலையிலேயே போகும், ஆனால் சீல் வைத்த உறையில் போகும்.

இதிலும் ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஐபிசெக் என்ற பழைய முறையில் உறைக்கு மேலே ந.க. எண் எழுத இடமே கிடையாது. நேட் திணறியது. சீல் வைத்த உறையை இன்னொரு உறைக்குள் போட்டு, மேல் உறையில் 4500 என்று எண் எழுதும் முறையை 2005-ல் தரப்படுத்தினார்கள். இப்போது வயர்கார்டு என்று ஒன்று இருக்கிறது. இலவசம். 2020 முதல் லினக்ஸ் கருவோடு சேர்ந்தே வருகிறது. இரு பக்கமும் ஆளுக்கொரு சாவி, சில வரி அமைப்பு, அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் நேட்டுக்குப் பின்னால் இருந்தால்? யாருக்கு யார் முதல் கடிதம் போடுவது? எங்கள் புதுச்சேரிப் பள்ளி நாட்களில் 'போஸ்த் ரெஸ்தான்த்' என்று சொல்வோம். நிலையான விலாசம் இல்லாதவருக்கு வரும் கடிதம் தபால் நிலையத்தில் காத்திருக்கும், அவர் போய் வாங்கிக்கொள்வார். அதே போல, பொது முகவரி உள்ள சிறிய சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, கோவையும் திருப்பூரும் தாங்களாகவே அதைக் கூப்பிடும்படி வைத்தால் போதும். உள்ளிருந்து போகும் கடிதம் என்பதால் எந்த நேட்டும் தடுக்காது. பதிவேட்டில் குறிப்பு அழிந்துவிடாமல் இருக்க, 25 நொடிக்கு ஒரு தரம் நினைவூட்டுக் கடிதம் போகும்படி வைக்கலாம். அந்த நடு சர்வரில் உறை பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்படுகிறது. ஆகவே அது உங்கள் பெயரில், உங்கள் சாவியில் இருக்க வேண்டும். பையனுடைய பெயரில் இருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். இரண்டு ஆபீசிலும் ரௌட்டர் கடையிலிருந்து வந்தபடியே 192.168.1 என்று இருந்தால் வேலை நடக்காது. கோவையிலும் அ1, திருப்பூரிலும் அ1 என்றால் கடிதம் எந்த அ1-க்கு? ஒரு பக்கத்தை 192.168.20 என்றோ வேறு எண்ணுக்கோ முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

வி.பி.என். என்றாலே திருட்டு வேலை, அரசு தடை செய்துவிட்டது என்று நடைப்பயிற்சியில் ஒரு நண்பர் சொன்னார். அப்படி இல்லை. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் வி.பி.என்.-க்கு அந்த விதி பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கமும் வந்தது. பயப்பட வேண்டாம்.

என் கோரிக்கை இரண்டு. இணைப்பு விற்கும் கம்பெனிகள், தருவது தனி முகவரியா ஊரோடு பங்கு போட்ட முகவரியா என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே தமிழில் அச்சிட வேண்டும். தராசில் எடை காட்டாமல் பருத்தி விற்க முடியுமா? கூடவே ஐ.பி. ஆறாம் பதிப்பைத் தொழில் இணைப்புகளுக்கும் தட்டாமல் தர வேண்டும். அதில் முகவரிப் பஞ்சமே கிடையாது. நம் கைபேசிகளில் பெரும்பாலானவை அதில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. பனியன் கம்பெனிக்கு மட்டும் ஏன் இல்லை?

தொழில் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கே ரௌட்டரில் 3389 திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திறந்திருந்தால் முதலில் மூடுங்கள், வி.பி.என். அப்புறம் போட்டுக்கொள்ளலாம். நடுவில் இரண்டு நாள் ஆடிட்டர் பஸ் ஏறித் திருப்பூர் போய் வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.