தோட்ட வீட்டுக்கு ஒரு பலகை

போன வருஷம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்தபோது, பேரன் என்னைப் புக்கிட் சண்டு என்ற குன்றுக்கு அழைத்துப் போனான். சண்டு என்றால் அபின். வெள்ளைக்காரன் அந்தக் குன்றடியில் அபின் ஆலை நடத்தியிருக்கிறான். (சரக்கு போனது நம் இந்தியாவிலிருந்துதான்!) மேலே இருக்கும் பழைய பங்களாவை 2002-இல் போர் நினைவு அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள்.

1942 பிப்ரவரி 14 அன்று மலாய் ரெஜிமென்ட் அங்கே ஜப்பான் படையை எதிர்த்து நின்றது. இந்தியச் சிப்பாய் உடுப்பில் ஜப்பானியர் வந்தார்களாம். பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்று பேராக நடப்பது வழக்கம். இவர்கள் நான்கு நான்காக வந்ததில் குட்டு உடைந்தது என்கிறார்கள். ஆனாலும் மறுநாளே சிங்கப்பூர் சரணடைந்தது. மூன்றரை வருஷம் ஜப்பான் ஆட்சி.

"தாத்தா, உங்க ஊர்ல சண்டை நடந்ததா?" என்றான் பேரன்.

"நடந்ததே. கிளைவ் வீடு இருக்கு" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மஞ்சக்குப்பம் வழியாக முப்பது வருஷம் சைக்கிளில் வேலைக்குப் போனவன் நான். வெட்கமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட, ஆங்கிலேயருக்கு மிஞ்சியது நம் தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைதான். அந்த டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் படை பெண்ணையாற்றைத் தாண்டி வந்து, முதலில் கம்பெனியின் தோட்ட வீட்டைப் பிடித்தது. நடந்த களைப்பு, பசி. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சமைக்க உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்காட்டு நவாபின் படை வந்து நின்றது! அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஆற்றைப் பார்க்க ஓட்டம். கோட்டை அன்று தப்பியது. 1758-இல் லாலி வந்து அதைப் பிடித்து இடித்தும் போட்டார்.

சிதம்பரம் மட்டும் என்ன? 1781-இல் ஹைதர் அலியின் ஆட்கள் கோயிலையே கோட்டையாக வைத்திருந்தார்கள். அயர் கூட் தாக்கிப் பார்த்து, முடியாமல் திரும்பினார். அடுத்த சில நாளில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டைப் போர். அந்த மதிலைச் சுற்றி எத்தனை ஆருத்ராவுக்கு நடந்திருப்பேன்!

என் ஆதங்கம் இதுதான். சிங்கப்பூரில் அந்த வீடு தோற்றவர்களின் பெயரைச் சொல்கிறது. நாமோ, 'கிளைவ் வீடு' என்று வந்தவன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். கம்பெனி எவருடைய துணிக்காக இந்தக் கரையில் கடை போட்டதோ அந்த நெசவாளிகள், படைகள் போகவும் வரவும் நடுவில் மாட்டிக்கொண்ட குடியானவர்கள், இவர்களுக்கு ஓர் அறை வேண்டாமா? அந்தக் காலத்துச் சேதிகளைத் தமிழிலேயே எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நம் கையில் இருக்கிறது. ஆதாரத்துக்கு எங்கும் அலைய வேண்டாம்.

அறை பிறகு வரட்டும். முதலில் தமிழில் ஒரு பலகை போதும். அந்தச் சமையல் கதையையும் அதில் எழுதட்டும். டிசம்பரில் பேரன் வருகிறான். அதற்குள் நடக்காது, தெரியும். நானே சொல்லிக் காட்டிக்கொள்கிறேன்.