டிராயரின் உடல்நலம்

போன மாதம் எங்கள் வீட்டு வாண்டு சோபாவின் உச்சியிலிருந்து ஸ்பைடர்மேன் மாதிரி பறந்தான். பறந்ததில் தப்பில்லை, இறங்கினதில்தான் தப்பு. முழங்கை பூரி மாதிரி உப்பிவிட்டது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். இந்த 'எதுக்கும்' என்ற ஒரு வார்த்தைக்கு நம் ஊரில் குறைந்தது ஐந்நூறு ரூபாய் விலை.

பக்கத்துத் தெருவிலேயே ஒரு சென்டர். கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் எக்ஸ்ரே. இரண்டுமே காப்பி எடுக்கிற தொழில்தானே!

உள்ளே இருந்த டெக்னீஷியன் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். மெஷினைப் பார்த்ததும் பையன் ஊரைக் கூட்டினான். "நான் கையைப் புடிச்சுக்கறேன் சார், தம்பி ஸ்விட்ச் போட்டுடுவான்" என்றாள் சர்வ சாதாரணமாக. ஈய ஏப்ரன் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க அதைப் போட்டுக்கலையாம்மா?"

"ரொம்ப கனம் சார். நாளைக்கு நாப்பது, அம்பது எக்ஸ்ரே. முதுகு விட்டுப்போயிடும்."

'நாமே பிடித்துக்கொள்வோம்' என்று நான் வீரமாக முன்வந்தேன். அவள் ஏப்ரனைத் தூசி தட்டி எனக்கு மாட்டிவிட்டாள். வாசலில் நின்ற என் மனைவி, "கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இவர் ஏப்ரன் கட்டி இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றாள்.

படம் வருவதற்குள் எனக்கு வழக்கமான வியாதி வந்துவிட்டது. அதாவது, கேள்வி கேட்கிற வியாதி.

"உங்களுக்கெல்லாம் ஒரு பேட்ஜ் கொடுப்பாங்களே, அது எங்கே?"

"டிராயர்ல பத்திரமா இருக்கு சார். தொலைஞ்சா சம்பளத்துல புடிச்சுடுவாங்க."

வரவேற்பு மேஜையின் டிராயரைத் திறந்து காட்டினாள். ஸ்டேப்ளர், மூடியில்லாத பேனா, பாதி பிஸ்கெட் பாக்கெட், நடுவே சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது பேட்ஜ்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை கரெக்டா லேபுக்கு அனுப்பிடுவோம் சார். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் சைபர்! நம்ம சென்டர்ல ரேடியேஷனே கிடையாது!"

நான் பி.காம். படித்தவன். 'நில் ரிட்டர்ன்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். விற்றதையே பேரேட்டில் எழுதாத கடையில் வரி எப்படி வரும்? அந்த ரிப்போர்ட் சொல்வது அந்தப் பெண்ணின் உடல்நலத்தை அல்ல. டிராயரின் உடல்நலத்தை. டிராயர் சௌக்கியமாக இருக்கிறது. பல்லாண்டு வாழ்க!

அந்தப் பேட்ஜ் எளிமையான சமாச்சாரம். உள்ளே சின்னச் சின்ன வில்லைகள். கதிர்வீச்சு பட்டால் அந்தச் சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடு பண்ணினால் அதை வெளிச்சமாகக் கக்கிவிடும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு கதிர். மார்பில், ஏப்ரனுக்கு உள்பக்கமாக, அணியவேண்டும். பாஸ்புக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே வித்தியாசம், இந்தக் கணக்கில் வரவு மட்டும்தான் உண்டு, போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

இந்த வரவுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. நம் நாட்டில் கதிர்வீச்சோடு வேலை செய்கிறவர்களுக்கு ஐந்து வருஷ சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவெர்ட். எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக்கூடாது. இதையெல்லாம் கண்காணிக்க 1983ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைத்தார்கள். அணு உலைகளை மட்டும் பார்க்கிற வாரியம் என்று நானும் நினைத்திருந்தேன். ஜெராக்ஸ் கடை மாடியும் அவர்கள் எல்லைதான்! கதிர் நேராக விழும் சுவர் 35 சென்டிமீட்டர் செங்கல்லாவது இருக்கவேண்டும் என்பதுவரை 2001ல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்தால் போதுமா? 2012ல் மத்திய தணிக்கைத் துறை கணக்குப் பார்த்தது. தணிக்கை அறிக்கையை ரசித்துப் படிக்கிற ஜாதி நான். இதைப் படித்தபோது ரசிக்க முடியவில்லை. நாட்டில் இயங்கிய மருத்துவ எக்ஸ்ரே நிலையங்கள் 57,443. வாரியத்தில் பதிவானவை 5,270. அதாவது, நூற்றுக்கு 91 நிலையங்கள் வாரியத்தின் கண்ணுக்கே தெரியாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தன. பிறகு விண்ணப்பம், லைசென்ஸ் எல்லாம் 'ஈ-லோரா' என்ற ஆன்லைன் ஏற்பாட்டுக்குள் வந்தன (எல்லோரா குகை இல்லை சார், அது வேறே!). பதிவு மளமளவென்று ஏறியது. நல்ல விஷயம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு டிராயருக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாதே!

இதில் இன்னொரு சங்கடம், கதிருக்கு வாசனையில்லை, வலியில்லை. காஸ் கசிந்தால் மூக்கு சொல்லும், ஷாக் அடித்தால் கை சொல்லும். இது சொல்வதற்கு வருஷங்கள் ஆகும். ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895ல். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்பவர் உடனே அந்த ஆராய்ச்சியில் இறங்கி, தினமும் தன் கையையே காட்டிக் காட்டிச் சோதித்தார். கைகள் புண்ணாகி, புற்றுநோயாகி, வெட்டி எடுத்தும் நிற்காமல் 1904ல் இறந்துபோனார். வயது 39. எடிசன் எக்ஸ்ரேயைத் தொடுவதையே விட்டுவிட்டார். டாலியிடம் பேட்ஜ் இல்லை. நம் பெண்ணிடம் இருக்கிறது, டிராயரில்.

உடனே பயந்துபோய் எக்ஸ்ரேயே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் நமக்குக் கிடைப்பது 0.1 மில்லிசீவெர்ட்டுக்கும் கீழே. ஆகாசத்திலிருந்தும் பூமியிலிருந்தும் நம் எல்லோருக்குமே சும்மாவே வருஷத்துக்குச் சராசரி 2.4 வருகிறது. சி.டி. ஸ்கேன் மட்டும் கொஞ்சம் கனமான சாப்பாடு. அல்ட்ரா சவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தத் தொல்லையே கிடையாது. தேவைப்பட்டு எடுக்கிற எக்ஸ்ரே நோயாளிக்கு லாபம்தான். நாம் ஒரு தடவை வந்து போகிற விருந்தாளி. நாளைக்கு ஐம்பது தடவை அங்கேயே நிற்கிறாளே, அவளுக்கல்லவா கணக்கு வேண்டும்?

கிளம்பும்போது இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, "போட்டுக்கிட்டா ரிப்போர்ட்ல நம்பர் வருமே சார். ஏன் வந்துச்சுன்னு முதலாளி என்னைத்தானே கேப்பாரு?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. நம்பர் வந்தால் தப்பு செய்துவிட்டதாக நினைக்கிறோம். வேலை செய்கிற இடத்தில் சின்ன நம்பர் வருவது யோக்கியம். நம்பர் ஏறினால் ஏன் என்று கேட்டு, மெஷினைப் பார், சுவரைப் பார், ஏப்ரனைப் போடு என்று திருத்தலாம். சைபரை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது?

மூன்று வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கும் முன் மறுபடி ஒரு எக்ஸ்ரே. (டாக்டர் இந்த முறையும் 'எதுக்கும்' என்றார்.) அதே சென்டர், அதே பெண். ஏப்ரன் போட்டிருந்தாள். உள்ளே துப்பட்டாவோடு சேர்த்துப் பின் குத்தி... பேட்ஜ்!

"டிராயர் எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"காலியா இருக்கு சார்" என்று சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தி, "அடுத்த மாசம்தான் ரிப்போர்ட் வரும்" என்றாள்.

அடுத்த தடவை எக்ஸ்ரேக்குப் போனால் நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். 'லைசென்ஸ் இருக்கா?' என்று முதலாளியிடம். 'பேட்ஜ் எங்கேம்மா?' என்று அந்தப் பெண்ணிடம். இரண்டு கேள்விக்கும் காசு கிடையாது.