மலை நிற்கட்டும், பிள்ளை நடக்கட்டும்



சென்னையில் இணையவழிப் பாடங்கள் தயாரிக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், பத்தாம் வகுப்பு ஏற்றக்கோணப் பாடத்தைச் செய்து, "சார், பார்த்துச் சொல்லுங்க" என்று போன வாரம் அனுப்பியிருந்தார். நம்ம செஞ்சி ராஜகிரியையே படமாக வரைந்திருந்தார். மனசு நிறைந்தது.

ஆனால் எழுத்துகள் பறந்து வந்தன. மலை பெரிதாகிச் சிறிதானது. சரியான விடைக்கு வாணவேடிக்கை. எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் வேலையாம். என் பேத்தி வாணவேடிக்கைக்காகவே நான்கு விடைகளையும் தட்டினாள். கணக்கைப் படிக்கவே இல்லை.

அவரிடம் போனில் சொன்னேன்: "தம்பி, மலை நிற்கட்டும். பிள்ளை நடக்கட்டும்."

இரண்டே நாளில் மாற்றி அனுப்பினார். மலைக்கு எதிரே ஒரு சிறுமி. கீழே ஒரு ஸ்லைடர். விரலால் நகர்த்தினால் சிறுமி மலையை நெருங்குகிறாள். ஒவ்வொரு நகர்வுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் உயரத்தைத் தூரத்தால் வகுத்து, கோணத்தைக் கண்டு, பார்வைக்கோட்டைப் புதிதாக வரைகிறது.

நகர்த்துவதற்கு முன் பேத்தியைக் கேட்டேன்: "இப்ப கோணம் 30 டிகிரி. தூரம் பாதியானா எவ்வளவு?"

"60 தாத்தா!"

நகர்த்தினாள். 49 என்று காட்டியது. முகம் மாறிவிட்டது. "ஏன் தாத்தா?"

அந்த 'ஏன்' வந்த இடத்தில்தான் பாடம் தொடங்கியது. 60 வர வேண்டுமானால் தூரம் மூன்றில் ஒரு பங்காக வேண்டும் என்று அவளே நகர்த்திக் கண்டுபிடித்தாள். பிறகு டேன் 30, டேன் 60 மதிப்புகளை எழுதிச் சரிபார்த்தோம்.

நான் கணினிக்கு எதிரியில்லை. கரும்பலகையில் நான் போட்ட கோடு ஒருநாளும் நகர்ந்ததில்லை. அந்தக் குறை எனக்குத் தெரியும். நம் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே 'இணையச் செயல்பாடு' என்று ஜியோஜீப்ரா பயிற்சிகள் இருக்கின்றன. பெற்றோர்களே, அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

அசைவு இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும் என்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மட்டும் சொன்னால், எத்தனை அசைந்தாலும் சலிக்கத்தான் செய்யும். அதோடு, தேவையில்லாத ஆட்டம் பழைய போனைத் திணறடிக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கையில் இருப்பது அப்பாவின் பழைய போன்தான்.

உங்களில் பாடம் தயாரிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஓர் அசைவைச் சேர்க்கும் முன் பாருங்கள்: அது பிள்ளையின் விரலுக்குக் கட்டுப்படுகிறதா? அசையும்போது கணக்கும் மாறுகிறதா? இரண்டும் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். அசைவதற்கு முன் பிள்ளையை ஒரு விடை ஊகிக்கச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்,
தொண்டூர்.