முத்திரையைக் காப்பதும் அமானத்துதான்

நமது வர்த்தகர்கள் கொம்பனியின் இறப்பர் முத்திரையையும் காசோலைப் புத்தகத்தையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். பெட்டிச் சாவியைப் பெற்ற மகனிடம் கொடுக்கவும் யோசிப்பார்கள். ஆனால் அதே முத்திரையின் வேலையைச் செய்யும் டிஜிட்டல் கையொப்பச் சாவி உள்ள கையடக்கத் தொலைபேசியை மேசையில் போட்டுவிட்டு லுஹருக்குப் போய்விடுகிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி இலத்திரனியல் கையொப்பத்துக்கும் நம் நாட்டில் அங்கீகாரம் உண்டு. காணி விற்பனை, மரண சாசனம் போன்ற சில ஆவணங்களுக்கே விதிவிலக்கு. ஆகவே அந்தச் சாவி அடுத்தவன் கைக்குப் போனால், அவன் இடும் ஒப்பம் நமது ஒப்பமாகவே தெரியும். "நான் இடவில்லை" என்று நிரூபிக்க நாம்தான் அலைய வேண்டும்.

அண்மையில் எங்கள் கடைத் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. கையொப்பச் செயலி காலாவதியாகிவிட்டதாம். பழையதை அழித்துவிட்டு, தந்துள்ள இணைப்பில் புதியதை இன்றே இறக்க வேண்டுமாம். "ஹாஜியார், அப்டேட் பண்ணவா?" என்றான் கடைப் பையன். துறைமுகத்தில் கொள்கலன் நிற்கும் அவசரத்தில் நானும் தலையசைக்கப் பார்த்தேன். பிறகு மனம் கேட்காமல், சான்றிதழ் தந்த நிறுவனத்தின் பற்றுச்சீட்டிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். அப்படி ஒரு செய்தியும் தாங்கள் அனுப்பவில்லை என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

எல்லோரும் இப்படித் தப்புவதில்லை. எலெக்ட்ரம் என்பது பிட்கொய்ன் சாவிகளை வைத்திருக்கும் ஒரு மென்பொருள். (பிட்கொய்ன் கூடுமா கூடாதா என்பது உலமாக்களின் விடயம், நான் அதற்குள் போகவில்லை.) 2018 டிசம்பரில் மோசடிக்காரர்கள் அதன் பழைய பதிப்புகளின் திரையிலேயே "புதுப்பிக்கவும்" என்ற பொய் அறிவித்தலைக் காட்டி, 200க்கும் மேற்பட்ட பிட்கொய்ன்களைக் கொண்டுபோனார்கள். அந்த ஓட்டையைப் புதிய பதிப்பு அடைத்துவிட்டது. ஆனால் 2017க்குப் பின் தன் கணக்கைத் திறக்காதிருந்த ஒருவர், 2020 இல் பழைய பதிப்போடு வந்து அதே அறிவித்தலை நம்பினார். 1,400 பிட்கொய்ன்கள் ஒரே தடவையில் போய்விட்டதாக அவரே எழுதினார்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. புதுப்பிக்காமல் இருந்ததும் பிழை. பரிசோதிக்காமல் புதுப்பித்ததும் பிழை. "எனக்கு அப்டேட்டே வேண்டாம்" என்று சொல்லும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அன்ட்ரொய்ட் தொலைபேசியில் ஒவ்வொரு செயலியும் தயாரித்தவரின் டிஜிட்டல் ஒப்பத்தோடுதான் வருகிறது. இருக்கும் செயலியின் மேல் புதிய பதிப்பை இடும்போது, இரண்டின் ஒப்பமும் பொருந்துகிறதா என்று தொலைபேசியே பார்க்கும். பொருந்தாவிட்டால் ஏற்காது. பழையதை அழித்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லை. "அழித்துவிட்டு இறக்குங்கள்" என்று மோசடிக்காரன் சொல்வதன் இரகசியம் இதுதான். அழிக்கும்போது உள்ளேயுள்ள சாவியும் போய்விடக் கூடும்.

ஆகவே செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். தொலைபேசியின் உத்தியோகபூர்வ ஸ்டோருக்குள் நீங்களே சென்று, தயாரிப்பாளரின் பெயரைப் பார்த்துப் புதுப்பியுங்கள். அதற்கு முன் சாவியின் மீட்புப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் இரும்புப் பெட்டியில் வையுங்கள். சந்தேகம் வந்தால், உங்களிடம் ஏற்கனவே உள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். சாவி களவு போனதென்றால் அன்றே அறிவித்துச் சான்றிதழை இரத்துச் செய்யுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் மன்னர்களுக்கான கடிதங்களில் இட வெள்ளி முத்திரை மோதிரம் செய்தார்கள். அதிலிருந்த வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அது அரீஸ் கிணற்றில் விழுந்தபோது, மூன்று நாட்கள் தேடினார்கள். நீரை இறைத்தும் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

ஒரு முத்திரைக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு அது. நாம் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கக் கூடாதா?