பூவுக்கு விலை ஏறும் மாதத்தில்

அவலூர்பேட்டையில் எங்கள் காலனிப் பெண்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே வேலை தொடங்கிவிடும். மல்லி மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். மலர்ந்துவிட்டால் சந்தையில் மதிப்பில்லை. நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு என் அம்மாவும் போவார். ஆயிரக்கணக்கான மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினால்தான் ஒரு கிலோ சேரும். கூலியும் கிலோ கணக்குதான்.

பொங்கலையொட்டி மல்லி கிலோ ஆயிரம், இரண்டாயிரம் என்று செய்தி வருகிறதே, அப்போது எங்கள் வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? பனியில் மொட்டு குறைவதால்தான் விலை ஏறுகிறது. மொட்டு குறைந்தால் அம்மா பறிக்கும் எடையும் குறையும். கிலோவுக்கான கூலி மட்டும் மாறாது. பூ விலை உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் எங்கள் வருமானம் தரைதட்டுகிறது. கோடையில் பூ குவிந்து விலை சரிந்தால், பறிகூலிக்கே கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அன்று வேலையே இல்லை.

நிலக்காரருக்கும் நட்டம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவரிடம் பட்டா இருக்கிறது. பயிர்க்கடன், சொட்டுநீர்ப் பாசன மானியம், தோட்டக்கலைத் துறைத் திட்டங்கள் எல்லாம் அந்தப் பட்டாவைத் தேடித்தான் வரும். ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதலாக 20 விழுக்காடு மானியம் என்று 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்போம். ஆனால் விண்ணப்பத்தோடு முதலில் கேட்பது சிட்டா. இருபது வருடம் பூந்தோட்டத்தில் உழைத்த அம்மா அரசின் கணக்கில் விவசாயியே இல்லை.

நிலம் ஏன் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையையொட்டி 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். பிறர் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அவற்றில் பெரும்பகுதி கைமாறிப்போனது. மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள்.

தோழர்களே, பஞ்சமி நிலங்களை மீட்டுப் பெண்கள் பெயரில் பட்டா கொடுக்கக் கேட்போம். அதுவரை பறிகூலியைச் சந்தை விலையோடு சேர்த்து உயர்த்தச் சொல்வோம். கவாத்து எப்போது, மொட்டுப்புழுவுக்கு என்ன செய்வது என்று நிலக்காரரே அம்மாவிடம்தான் கேட்கிறார். அம்மாவிடம் இல்லாதது அரை ஏக்கர் நிலம் மட்டும்தான்.