வார்டு உறுப்பினரும் வாக்களித்த நாமும்

சங்கத்தின் மகாசபையில் எழுந்து நின்று, "கணக்கை வாசியுங்கள்" என்று கேட்க நம் அங்கத்தினர் எவரும் தயங்குவதில்லை. அதே அங்கத்தினர் தம் வார்டு உறுப்பினரைக் கண்டால் மட்டும் மனுவும் கையுமாய்ப் பணிந்து நிற்கிறார். இருவரும் நம் வாக்கினால் பதவி பெற்றவர்களே. ஓரிடத்தில் உரிமையாகக் கேட்பதை மற்றோரிடத்தில் தயவாக வேண்டுவது முறையாகுமா?

2022 பிப்ரவரி 19-ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் செஞ்சிப் பேரூராட்சியின் வார்டு உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுத்தனர். தலைவரை அவ்வுறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுத்தனர். மன்றத்தின் தீர்மானங்களை நிறைவேற்றுபவர் அரசு நியமிக்கும் செயல் அலுவலர். நம் சங்க இயக்குநர் ஒருவர் தனித்து நின்று கடன் வழங்க இயலாதது போலவே, வார்டு உறுப்பினர் ஒருவர் தனித்து நின்று ஒரு தெருவிளக்கையும் அமைத்துவிட இயலாது. வார்டின் குறையை மன்றத்தில் எழுப்புதல், வரவு செலவுத் திட்டத்தை ஆராய்ந்து வாக்களித்தல், நிறைவேறாத தீர்மானம் குறித்து வினவுதல் ஆகிய இவையே அவருடைய அதிகாரம். இவையே அவருடைய கடமையும் ஆகும்.

எதை எவரிடம் கேட்பது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லின் எடையும் ஏலமும் விற்பனைக் குழுவைச் சார்ந்தவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்ற நம் கோட்டையைப் பேணுவது இந்தியத் தொல்லியல் துறை. அதன் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்திற்கு எந்த உறுப்பினராலும் அனுமதி தர இயலாது. ஆனால் கோட்டையைக் காண வருவோர் நம் தெருக்களில் காணும் குப்பைக்கும் சாக்கடைக்கும், நமக்கு வரும் குடிநீருக்கும் பேரூராட்சியே பொறுப்பு.

கணக்குக் கேட்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என விதித்தன. அன்று நிலமுடைய ஆடவருக்கே அவ்வாய்ப்பு இருந்தது. இன்றோ தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி, 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி, மகளிருக்கு உரியது. தறியிலும் வயலிலும் சரிபாதி உழைக்கும் பெண், மன்றத்திலும் தாமே பேசுதல் வேண்டும்; அவருக்காகக் கணவர் பேசுவதை நாம் ஏற்றல் ஆகாது.

ஆகவே அங்கத்தினர்களே, வார்டு உறுப்பினரைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். நம் குறை எந்த நாள் மன்றத்தில் வைக்கப்பட்டது? தீர்மானம் யாது? அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? சுற்றுக் கிராமங்களில் வாழ்வோர், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களுக்குரிய கிராம சபைகளுக்குத் தவறாது சென்று இவ்வாறே கேட்கலாம். சொத்து வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் உரிய காலத்தில் செலுத்துவது நம் பங்கு. கேட்பார் இல்லாத மன்றம், மகாசபை கூடாத சங்கத்தைப் போன்றதே.